நான்கு மூலையிலும் மஞ்சள்

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு (ஆடிப் பதினெட்டு)

பெர்த் மாநகரில் மருந்துக்கடை நடத்தி, ஆஸ்திரேலியக் கண்டத்தின் இருமலையும் காய்ச்சலையும் ஒற்றைக் கையால் அடக்கி ஆளும் என் அக்காள் மகள் மாதவிக்கு, தாய்மாமன் ராதாகிருஷ்ணன் எழுதிக்கொள்வது. நான் நலம். என் முழங்கால்கள் இரண்டும் நலமில்லை. அவற்றின் வரலாறு பின்னால் வரும்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ நினைப்பாய். எங்கள் எல்லாரையும் நீ போனில் பிளாக் செய்துவிட்டாய். குடும்பக் குழுவிலிருந்து நீ வெளியேறிய அறிவிப்பு இன்னும் கல்வெட்டு மாதிரி நிற்கிறது. அதற்குக் கீழே ஒருவரும் குட் மார்னிங்கூடப் போடுவதில்லை. தபால்காரரைப் பிளாக் செய்ய இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். தவிர, இது ஆடி மாதம். கல்யாணமே இல்லாத மாதத்தில் கல்யாணப் பத்திரிகை எழுதுகிறவனுக்கு வேறென்ன வேலை? முப்பத்தொரு வருடமாக இந்த அச்சகத்தில் உட்கார்ந்து மலாயாத் தமிழர்களில் பாதிப் பேரை நான்தான் கல்யாணத்துக்கு அழைத்திருக்கிறேன். மீதிப் பாதியை நான் அழைக்காததால்தான் அவர்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை.

ஊர்ச் செய்திகள்: என் அடுக்குமாடியில் லிஃப்ட் மூன்று வாரமாகப் படுத்த படுக்கையாக இருக்கிறது. ஒன்பதாவது மாடிக்கு ஏறி இறங்கி நான் இளைத்த இளைப்பில் என் நிழலே என்னை அடையாளம் தெரியாமல் தடுமாறுகிறது. கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் ரசத்துக்குத் தனிக் காசு வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். நாகரிகம் அழிவது இப்படித்தான் தொடங்கும்.

இப்போது உன் அப்பாவைப் பற்றி.

போன வருடம் பிப்ரவரியில் அக்காவின் காரியங்கள் முடிந்து நீ கிளம்பிய அன்று, விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, அப்பாவ வீட்டவிட்டு வெளியே கொண்டுவாங்க. எப்படியாச்சும் சிரிக்க வைங்க" என்றாய். நானும் நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். சத்தியத்தைக் காப்பாற்ற நான் பட்ட பாட்டை எழுத இந்தக் காகிதம் போதாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் கோமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போய், அண்டாலாஸ் வீட்டு முன்னறையில் அத்தான் எதிரே உட்கார்ந்து, பூனையைச் சிரிக்க வைக்கும் ஜோக்குகளையெல்லாம் எடுத்துவிட்டேன். அவர் சுவரைப் பார்ப்பார். "ம்" என்பார். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு அந்தப் பக்கம் சிரித்தார்.

அப்புறம்தான் அவரைப் பிக்கல்பாலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். பெர்த்தில் நீயும் பார்த்திருப்பாய். பேட்மிண்டன் கோர்ட் அளவு இடம், பலகை மாதிரி ஒரு பேடல், இடியாப்ப அச்சு போல ஓட்டை ஓட்டையாக ஒரு பிளாஸ்டிக் பந்து. தாமான் குடியிருப்பு மண்டபத்துக்குப் பின்னால் இருந்த பழைய கோர்ட்டில் புதிதாகக் கோடு போட்டிருந்தார்கள். அங்கே அடிக்கிற டொக் டொக் சத்தம் மலாக்கா நீரிணையைத் தாண்டி சுமத்ராவில் கேட்கிறது என்று எதிர்க் கொண்டோ அடுக்குமாடிக்காரர்கள் பெட்டிஷன் போட்டிருக்கிறார்கள்.

முதல் நாள் அத்தான் அடித்த பந்து ஒன்றுகூட வலையைத் தாண்டவில்லை. நானோ பிறவி வீரன். என் முதல் ஸ்மாஷ் கூரையைத் தாண்டி அரச நகரமான கிள்ளானின் வான்வெளியில் கலந்து மறைந்தது. இந்த விளையாட்டு நமக்கு ஒரு வாரம், அவருக்கு ஒரு நாள் என்று நினைத்தேன்.

ஆனால் உன் அப்பா போர்ட் கிள்ளானில் முப்பத்து மூன்று வருடம் கிரேன் ஓட்டியவர் என்பதை நான் மறந்துவிட்டேன். நாற்பதடிக் கொள்கலனை, உள்ளே முட்டை இருந்தால் முட்டைக்குக்கூடத் தெரியாமல் லோரியின் முதுகில் வைத்தவர். வலையின் இரண்டு பக்கமும் ஏழடி இடத்துக்கு கிச்சன் என்று பெயர். பந்தை ஓங்கி அடிக்காமல், வலைக்கு மேலே மெல்லத் தூக்கி எதிராளியின் கிச்சனில் இறக்கிவிடும் அடிக்கு டிங்க் என்று பெயர். இதைப் பார்த்த நாள் முதல் அத்தானுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. "இது போடுறது இல்ல ராதா, இறக்குறது" என்றார். ஐந்து மாதத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்குப் பயிற்சி. ஆட்டம் சனிக்கிழமை மட்டும்தான். மற்ற ஆறு நாளும் டிங்க், டிங்க், டிங்க். பந்து தவறாமல் எத்தனை முறை வலையைக் கடக்கிறது என்று எண்ணுவார்கள். முதல் வாரம் நான்கு. ஒரு மாதம் கழித்துப் பதினொன்று. தீபாவளிக்கு நாற்பது. தை பிறந்ததும் நூறு. இடையில் ஒரு சனிக்கிழமை என்னைப் பதினொன்றுக்கு இரண்டு என்று தோற்கடித்தார். அந்த இரண்டும் அவர் தும்மியதால் கிடைத்தவை.

எண்ணுவார்கள் என்று எழுதினேன். இன்னொருவர் யார் என்று உனக்குத் தெரியும். சீதாலெட்சுமி அக்கா. அடுத்த லோரோங் சந்தில் இருந்தவர், ஓய்வு பெற்ற நர்ஸ், வீட்டுக்காரர் போய் ஒன்பது வருடம். உன் அப்பாவைப் போலவே அவருக்கும் ஸ்மாஷ் பிடிக்காது. வலைக்கு இந்தப் பக்கம் அத்தான், அந்தப் பக்கம் அவர். அத்தான் ஒற்றைப்படை சொல்வார், அவர் இரட்டைப்படை. ஒன்று என்பார் இவர், இரண்டு என்பார் அவர். ஒரு மணி நேரம் அவர்கள் பேசிக்கொள்வது அவ்வளவுதான். நான் பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி சானாய் தின்றபடி காவல் காத்தேன்.

சித்திரையில் நடந்ததை நீ அறிவாய். அத்தானின் பிறந்தநாளன்று யாரோ ஒரு மடையன், அவருக்கும் சீதாலெட்சுமி அக்காவுக்கும் திருமணம் என்று ஒரு பத்திரிகை அடித்து, கோர்ட்டில் தட்டில் வைத்து நீட்டிவிட்டான். அது போட்டோவாகி மதியத்துக்குள் காஜாங்கிலிருக்கும் சீதாலெட்சுமி அக்காவின் மகன் தனேஷ் கைக்கும், மாலைக்குள் பெர்த்தில் உன் கைக்கும் வந்துவிட்டது. நீ போன் போட்டாய், கத்தினாய், வைத்தாய். அதற்குப் பிறகு இல்லை. தனேஷ் அன்று மாலையே வந்து அம்மாவைக் காஜாங்குக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம்.

அது வெறும் விளையாட்டு, மாதவி. உன் அப்பாவுக்கு அதில் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த மடையன் யாரென்று தீவிரமாகத் துப்பறிந்துகொண்டிருக்கிறேன். சிக்கினால் கிள்ளான் ஆற்றில் முக்கி எடுத்து வெயிலில் காயப்போடுவேன்.

இப்போது அத்தான் மண்டபத்துச் சுவரில் அடித்துப் பயிற்சி செய்கிறார். ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையை மட்டும் சொல்கிறார். இடையில் வாயை மூடிக்கொள்கிறார். இதைப் பார்த்துப் பெஞ்சில் உட்கார முடியாமல் போன மாதம் நானே வலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். இரட்டைப்படை இப்போது என் பொறுப்பு. இதுவரை எங்கள் உச்சம் ஒன்பது. முழங்கால்களின் வரலாறு இதுதான்.

அவருக்கு ஒரு போன் போடும்மா. மற்றபடி இங்கே ஒன்றுமில்லை. நீ தீர்க்காயுசாக, தலைவலிக்குக்கூட உன் கடை மாத்திரை தேவைப்படாமல் இருக்க உன் அம்மா சார்பில் ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் மாமா,
ராதாகிருஷ்ணன்


பிரிக்ஃபீல்ட்ஸ்
17 ஆகஸ்ட் 2025, ஞாயிறு (ஆவணி ஒன்று)

மாதவிக்கு, மாமா எழுதுவது.

அந்த மடையனைப் பிடித்துவிட்டேன். என் சட்டையைப் போட்டுக்கொண்டு, என் பேனாவால் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறான்.

முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் லிஃப்ட், ரசம் என்று சுற்றிக்கொண்டு போய்விடுவேன். பத்திரிகையை அடித்தது நான். வாசகம் என்னுடையது. உன் அப்பாவுக்குத் தெரியாது, சீதாலெட்சுமி அக்காவுக்குத் தெரியாது. கீழே "தங்கள் நல்வரவை நாடும் மகள் மாதவி, பெர்த்" என்று உன்னைக் கேட்காமல் உன் பெயரைப் போட்டதும் நான்தான்.

ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், போன புதன்கிழமை ஒன்று நடந்தது. இந்த விளையாட்டில் எங்களைப் போன்ற கிழவர்களுக்கு நடுவர் கிடையாது. பந்து தரையில் படுவதற்கு முன்பே அடித்தால் கிச்சன் கோட்டில் கால் படக்கூடாது. பட்டால் மிதித்தவனே கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். பயிற்சியிலும் அத்தான் அதை விடமாட்டார். மிதித்தால் எண்ணிக்கை மறுபடியும் ஒன்றிலிருந்துதான். புதன்கிழமை நாங்கள் முப்பதைத் தொட்டிருந்தோம். அதுவரை நான் கண்டிராத சிகரம். அவர் முப்பத்தொன்று என்று இறக்கிய பந்து வலைக்கு மேல் சற்றுத் தூக்கலாக வந்தது. ஆசை தாங்காமல் எட்டி அடித்தேன். என் வலது கால் கட்டைவிரல் கோட்டின் மேல் இருந்தது. எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும், பார்த்துக்கொண்டுதானே இருந்தார். கோர்ட்டில் வேறு யாரும் இல்லை.

அவர் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் "என்ன அத்தான், நான் மிதிக்கல" என்றேன். அவர் கேட்கவே இல்லை, நானாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "சரி, நீ சொன்னா சரி. முப்பத்து மூணு" என்று பந்தை மறுபடி போட்டார். நீ சொன்னா சரி என்று அவர் சொன்ன விதத்தில் ஒரு கோபமும் இல்லை. அதுதான் தாங்கவில்லை. திரும்பி வரும்போது கோமுட்டரில் கே.எல். சென்ட்ரலைத் தவறவிட்டு இரண்டு ஸ்டேஷன் தள்ளிப் போய் இறங்கினேன். பத்து ஸ்டேஷன் என்று எழுத வந்தது. இரண்டுதான்.

இனி அந்த நாளை நடந்தபடி சொல்கிறேன்.

அத்தானுக்கு அறுபத்தேழாவது பிறந்தநாள். முதல் நாள் அச்சகத்தில் மிச்சம் கிடந்த நல்ல அட்டையில் பன்னிரண்டு பிரதி அடித்தேன். சுபமுகூர்த்தம் காலை ஏழு, இடம் மூன்றாம் எண் கோர்ட், மணமகன் கிரேன் இராமலிங்கம் என்று எனக்குத் தெரிந்த பத்திரிகைத் தமிழையெல்லாம் கொட்டி எழுதினேன். தாம்பாளம், வெற்றிலை பாக்கு, இரண்டு சீப்பு வாழைப்பழம். பயிற்சி முடிந்து எல்லாரும் தண்ணீர் குடிக்கும்போது ஊர்வலமாகக் கொண்டுபோய் நீட்டினேன். பதினோரு பேர் இருந்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். கோர்ட் புக்கிங் பார்க்கும் ஷாமினி போட்டோ எடுத்துக் கோர்ட் குழுவில் போட்டாள். அவளைத் திட்டாதே, அவளுக்கு அது ஜோக் என்று தெரியும். ஆனால் போட்டோவில் சிரிப்புச் சத்தம் வராதே.

அத்தான் அட்டையை வாசித்துவிட்டு, மடித்து, சட்டைப்பையில் வைத்தார். சீதாலெட்சுமி அக்கா பேடலைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். ஜிப் மாட்டிக்கொண்டது. இரண்டு தடவை இழுத்தார். அப்புறம் திறந்த பையோடே நடந்து போய்விட்டார்.

கேலி என்றால் யாரும் நம்பியிருக்க மாட்டார்களே, எப்படி நம்பினார்கள் என்று நீ கேட்கலாம். நான் அட்டையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தேன். அச்சிலிருந்து வரும் முதல் பத்திரிகைக்கு மஞ்சள் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பது என் முப்பத்தொரு வருடப் பழக்கம், கை தானாகச் செய்துவிட்டது என்று எழுதலாம் என்று நேற்று முழுவதும் யோசித்தேன். அழகான பொய். ஆனால் பன்னிரண்டு அட்டைக்கும் கை தானாகப் போகாது. நம் ஆட்கள் யாரும் மஞ்சள் தடவிய அட்டையைக் கேலி என்று நினைக்கமாட்டார்கள். அது என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் இந்த ஊரில் இல்லை. தெரிந்துதான் தடவினேன்.

அதற்குக் காரணம் இருக்கிறது. சொன்னால் நீ என்னைப் பற்றி என்ன நினைப்பாய் என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கம் போல ஆட்டிறைச்சி வாங்கிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு அண்டாலாஸ் போனேன். கேட்டில் பூட்டு. என் அக்கா இருந்தவரை அந்த கேட் ஞாயிற்றுக்கிழமை பூட்டியதே இல்லை. கோர்ட்டுக்கு நடந்து போனேன். உச்சி வெயில். இரண்டு பேரும் காலையில் தொடங்கிய பயிற்சியை முடிக்காமல் நின்றுகொண்டிருந்தார்கள். தொண்ணூற்றொன்பது என்றார் அத்தான். அந்தப் பக்கம் சீதாலெட்சுமி அக்கா பந்தை இறக்கியபடி, அவசரத்தில் "ஆயிரம்" என்று சொல்லிவிட்டார். அத்தான் சிரித்தார். பேடலைக் கீழே போட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, குனிந்து சிரித்தார்.

பதிமூன்று மாதம், மாதவி. பதிமூன்று மாதம் ஞாயிறுதோறும் என் வித்தையெல்லாம் காட்டினேன். அவர் சிரிக்க வேண்டும் என்று நீதான் கேட்டாய், நானும் அதைத்தான் வேண்டினேன். சிரித்தபோது, அந்தச் சிரிப்பு என் அக்கா இல்லாத இடத்தில் வந்துவிட்டதே என்று இறைச்சிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கம்பிவேலிக்கு வெளியே நின்றேன். உள்ளே போகவில்லை. அந்தப் பொட்டலத்தை யாருக்குக் கொடுத்தேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. அடுத்த மாதம் பத்திரிகை அடித்தேன். ஊரே சிரிக்கும்படி செய்தால் அவர்கள் சிரிப்பது நின்றுவிடும் என்று எனக்குள் ஒருவனுக்குத் தெரிந்திருந்தது. நின்றுவிட்டது.

அன்று மாலை நீ போன் போட்டபோது நான் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இதை நீ அறியமாட்டாய். ஸ்பீக்கரில் உன் குரல் கேட்டது. அம்மாவுக்கு ஒரு திவசம் முடிந்த உடனேயா, அதுவும் என் பெயரைப் போட்டா என்று நீ அழுதாய். யார்ப்பா அடிச்சது, சொல்லுங்க என்றாய். அத்தான் என்னைப் பார்த்தார். நான் காலடியில் இருந்த பாயைப் பார்த்தேன். "ஒரு வெளாட்டும்மா, விட்ரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நீ வைத்துவிட்டாய்.

என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "அவளுக்கு அம்மா வழியில மிச்சம் இருக்கிறது நீ ஒருத்தன்தான். அதையும் நான் எடுத்துட்டா, அப்பனோட சண்டைன்னா புள்ள யாரக் கூப்பிடும்?" என்றார். நீ என்னையும் சேர்த்துத்தான் பிளாக் செய்தாய் என்பது அவருக்கு இன்னும் தெரியாது. என்னோடு நீ பேசிக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் "மாதவி நல்லா இருக்காளா?" என்று என்னிடம் கேட்கிறார். நானும் நன்றாக இருக்கிறாள் என்கிறேன். கடையை விரிவாக்கப் போகிறாள் என்றுகூட ஒருமுறை சேர்த்துச் சொன்னேன். மூன்றரை மாதமாக அவர் கையால் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டே இதைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை காஜாங்குக்குப் போனேன். தனேஷ் கேட்டைப் பாதிதான் திறந்தான். "என்ன அங்கிள், பத்திரிகை இன்னும் மிச்சம் இருக்கா?" என்றான். உள்ளிருந்து சீதாலெட்சுமி அக்கா, "டேய், வெயில்ல நிக்க வைக்காதே லா, உள்ள வரச் சொல்லு" என்றார். கார் நிற்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். நான் உட்காரவில்லை. நான்தான் செய்தேன், தெரிந்துதான் செய்தேன் என்று சொன்னேன். ஜோடனை எதுவும் இல்லாமல் நான் பேசிய முதல் இரண்டு வாக்கியங்கள் அவையாகத்தான் இருக்கும்.

அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். பள்ளிச் சட்டைகள். இரண்டு சட்டையை மடித்து அடுக்கினார். அப்புறம், "சார் இப்போ எத்தனை வரைக்கும் போறாரு?" என்று கேட்டார்.

முப்பதா, அதற்கு மேலா, அந்தக் கட்டைவிரலை என்ன செய்வது என்று ஒரு கணம் தவித்தேன். "முப்பது அக்கா. அதுக்கு மேல நான் கோட்ட மிதிச்சிட்டேன்" என்றேன்.

"மணிக்கட்ட ஆட்டுறாரு" என்றார். "எதிர்ல ஆள் சரியில்லன்னா ஆட்டுவாரு. தோள்லேர்ந்து இறக்கச் சொல்லு, தம்பி." கூடையைத் தூக்கிக்கொண்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிடுவார்கள், கிளம்பு என்றார். என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானாகச் சேர்த்து எழுதமாட்டேன்.

நேற்று காலை கோர்ட்டுக்குப் போனதும், சனிக்கிழமை ஆட்டம் தொடங்கும் முன்பே, கையைத் தூக்கினேன். "புதன்கிழமை மிதிச்சேன் அத்தான்" என்றேன். "தெரியும்" என்றார். மாதவிக்கு எல்லாவற்றையும் எழுதப் போகிறேன் என்றேன். அவர் பந்தைத் துடைத்தார். அப்புறம், மணிக்கட்டை ஆட்டாமல் தோளிலிருந்து இறக்க வேண்டுமாம் என்றேன். யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. தன் மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒன்று என்றார். நான் இரண்டு என்றேன். நாற்பத்தேழு வரை போனோம். இதில் ஒன்றுகூட நான் கூட்டிச் சொன்னதில்லை.

அவர்களுக்குள் என்ன என்று நீ கேட்டால் எனக்குத் தெரியாது. எண்ணியது மட்டும் தெரியும். அதில் உனக்கு என்ன சம்மதம், என்ன சம்மதமில்லை என்பதும் என் வேலை இல்லை. அந்த விஷயத்தில் இனி ஒரு சொல்கூட எழுதமாட்டேன். போன தடவை அட்டையில் எழுதியது போதும்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். நீ கடை திறக்கும் முன் ஏழரைக்கு அவரைக் கூப்பிடுவாயே. பெர்த்துக்கும் கிள்ளானுக்கும் ஒரே மணி, அப்பாவுக்கு நேரக் கணக்குப் பார்க்கத் தேவையில்லை என்று நீ பெருமையாகச் சொல்வாய். இப்போதும் அவர் போனைப் பெஞ்சில் துண்டை விரித்து அதன் மேல் வைக்கிறார், முகப்பு மேலே தெரியும்படி. எத்தனை எண்ணியிருந்தாலும், பந்து காற்றில் இருந்தாலும், ஏழரை ஆனதும் பேடலை இறக்கிவிடுகிறார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறார். பத்து நிமிடம். பிறகு வந்து மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குகிறார். எதற்கு அத்தான் பாதியில் நிறுத்துகிறீர்கள் என்று முதல் வாரம் கேட்டேன். தாகம் என்றார்.

என்னை நீ பிளாக்கிலேயே வைத்துக்கொள். அது நியாயம். மன்னிப்புக் கேட்டு ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன், கல்யாணப் பத்திரிகை மாதிரியே வந்தது. கிழித்துவிட்டேன். மற்ற பதினோரு அட்டைகளையும் வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கிக் கிழித்தாயிற்று. அத்தான் சட்டைப்பையில் வைத்த ஒன்று மட்டும் எங்கே என்று தெரியவில்லை. கேட்கத் துணிச்சல் வரவில்லை.

நீ நன்றாக இரு. உன் அம்மா எந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாலும் உன் பக்கம்தான் நிற்பாள். என்னைப் பார்த்தால் காதைத் திருகுவாள். திருகட்டும்.

உன் பெயரை உன்னைக் கேட்காமல் அச்சடித்த,
ராதா மாமா

பி.கு. இன்று காலை ஐம்பத்தெட்டு. பந்து தவறவில்லை. ஏழரை ஆகிவிட்டது.